பாஸ்கர்வில் யாருடைய எழுத்து?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. கையெழுத்து இன்னும் அச்சுக் கோர்த்த மாதிரியே இருக்கிறது. ஆங்கில நாவல் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ‘இந்நூல் பாஸ்கர்வில் எழுத்தில் அச்சானது’ என்று ஒரு குறிப்பைப் பார்த்ததாகச் சொல்லி, யார் அந்த பாஸ்கர்வில் என்று கேட்டிருக்கிறீர்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வரும் வேட்டை நாய்க்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வரியில்தான் என்னை மடக்கிவிட்டீர்கள். ஆயுசில் பாதியை டைப் கேஸுக்கு முன்னால் நின்றே கழித்த கம்பாசிட்டர் நீங்கள். எழுத்துக்கு ஒரே ஓர் ஆளின் பெயரை வைக்கிறார்களே, அதை எஃகில் வெட்டியவர், ஈயத்தில் வார்த்தவர், கோர்த்தவர், மை தடவியவர் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்கிறீர்கள். கோபம் நியாயமானது. இந்தக் கேள்வியை வைத்துப் பார்ப்பதற்கு பாஸ்கர்வில்லைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஏனென்றால், அவர் பெயரில் உலகமெங்கும் புழங்கும் எழுத்தை வெட்டியது அவர் கை அல்ல.

ஜான் பாஸ்கர்வில் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில், கிடர்மின்ஸ்டருக்குப் பக்கத்தில் உள்ள வுல்வர்லி கிராமத்துக்காரர். ஞானஸ்நானப் பதிவு 1707 ஜனவரி. (அன்றைய ஆங்கிலேயருக்கு மார்ச் கடைசியில்தான் புத்தாண்டு, அதனால் பதிவேட்டில் அது 1706. இவரைப் பற்றிய நூல்கள் பிறந்த வருடத்தில் ஒத்துப்போகாததற்கு இதுதான் காரணம்.) இளைஞராக பர்மிங்ஹாம் வந்து, பிள்ளைகளுக்கு அழகாக எழுதக் கற்றுக்கொடுத்தும், கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டியும் பிழைத்தார். அந்தக் காலத்து விளம்பரப் பலகை ஒன்று இன்றும் பர்மிங்ஹாம் நூலகத்தில் இருக்கிறது. சின்னக் கற்பலகை. என்ன மாதிரி வேண்டுமானாலும் கல்லறை எழுத்து வெட்டித் தரப்படும் என்ற ஒரே வாசகத்தைப் பல வகை எழுத்துகளில் செதுக்கியிருக்கிறார். இறகுப் பேனாவின் அழுத்தலும் தளர்த்தலும் கல்லில் அப்படியே இறங்கியிருக்கும். பின்னால் அவர் எழுத்தில் உலகம் வியந்த எல்லாவற்றுக்கும் வித்து அந்தப் பலகையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனால் எழுத்தைச் சொல்லிக்கொடுத்து யார் பணக்காரர் ஆனார்? பர்மிங்ஹாம் அப்போது இரும்பு, பித்தளை, பொத்தான், கொக்கி என்று சுத்தியல் சத்தத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஊர். பாஸ்கர்வில் ஜப்பானிங் தொழிலில் இறங்கினார். சீனா, ஜப்பானிலிருந்து வந்த அரக்குப் பொருள்களைப் போலி செய்து, தகரத் தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் கறுப்பு வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசி, சூட்டில் இறுக்கி, கண்ணாடிபோல் மின்னவைக்கும் வேலை அது. 1742-இல் உலோகத் தகடுகளை உருட்டித் தேய்க்கும் முறைக்குக் காப்புரிமையும் வாங்கினார். பணம் கொட்டியது. ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் நிலம் எடுத்து வீடு கட்டி, அதற்கு ‘ஈஸி ஹில்’ என்று பெயர் வைத்தார். ஜரிகை வைத்த கோட்டும், அவருடைய தட்டுகளைப் போலவே ஓவியம் தீட்டிய குதிரை வண்டியுமாகப் பவனி வருவார். ஆடம்பரப் பிரியர், வாய்த்துடுக்கு உள்ளவர், தெய்வ நம்பிக்கை இல்லாதவர், அதை ஒளிக்காதவர். எனக்கு அவரைப் பிடிக்கும். பக்கத்து வீட்டில் இருந்திருந்தால் பிடித்திருக்குமா, தெரியவில்லை.

நாற்பது வயதைத் தாண்டி, 1750 வாக்கில்தான் அச்சு வேலைக்கு வந்தார். அப்போது இங்கிலாந்தில் நல்ல எழுத்து என்றால் வில்லியம் கேஸ்லனுடையதுதான். அவரும் துப்பாக்கிகளில் வேலைப்பாடு செதுக்கும் தொழிலிலிருந்து வந்தவர். நல்ல எழுத்து, உழைக்கும் எழுத்து. பாஸ்கர்வில் அதை மதித்தார். இருந்தாலும் இதைவிடக் கூர்மையாக, இதைவிட வெளிச்சமாக ஒரு பக்கம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

வேலை எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முதலில் எஃகுக் கட்டையின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்ட வேண்டும், அது பன்ச்சு. அதைச் செம்பில் அடித்தால் பள்ளமாக விழுவது மேட்ரிக்ஸ். அதை அச்சுக்கூட்டில் பொருத்தி ஈயக் கலவையை ஊற்றினால் டைப். இதில் உயிர் நாடி பன்ச்சு வெட்டுவது. அரமும் உளியுமாக, மயிரிழைக்கும் குறைவான அளவுகளில், ஒரு எழுத்தின் தடிப்பையும் மெலிவையும் தீர்மானிக்கும் வேலை. அந்த வேலையை ஈஸி ஹில்லில் செய்தவர் ஜான் ஹேண்டி. பாஸ்கர்வில் வரைவார், பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார். ஹேண்டி மறுபடியும் வெட்டுவார். முதல் புத்தகம் வெளிவருவதற்குள் ஏழு வருடம் ஓடிவிட்டது. ஹேண்டியைப் பற்றி நமக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். உங்கள் கோபத்தின் முதல் சாட்சியாக அவரை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் பாஸ்கர்வில் செய்தது என்ன? பணம் போட்டது மட்டுமா? இங்கேதான் நான் கொஞ்சம் அவர் பக்கம் சாய்கிறேன்.

மெல்லிய கோட்டை எஃகில் எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும், அன்றைய தாளில் அது நிற்காது. கம்பிச் சட்டத்தில் வடித்த தாளில் வரிவரியாக மேடு பள்ளம் இருக்கும். நனைத்த தாளை மெத்தென்ற துணித் திண்டோடு அழுத்தினால் எழுத்து தாளுக்குள் புதைந்து, மை ஓரங்களில் கசிந்து, மெல்லிய கோடு தடித்துவிடும். கேஸ்லனின் எழுத்து இந்தக் கசிவைக் கணக்கில் வைத்தே வெட்டப்பட்டது. பாஸ்கர்வில் கசிவையே ஒழிக்கப் புறப்பட்டார். அச்சுப் பொறியின் தட்டுகளைத் துல்லியமாகச் சமப்படுத்தினார். திண்டை மெலிதாகவும் கெட்டியாகவும் ஆக்கினார். எழுத்து தாளைக் குத்தாமல் தொட்டுவிட்டு எழும்பியது. மையைத் தானே காய்ச்சினார். ஆளிவிதை எண்ணெயைக் கொதிக்கவைத்து, மாதக்கணக்கில் ஆறப்போட்டு, மிக நுண்ணிய விளக்குக் கரியைக் கலந்தார். மற்ற அச்சகங்களின் மை பழுப்பும் சாம்பலுமாக இருந்தபோது, இவருடையது தட்டுகளில் பூசிய வார்னிஷைப் போல ஆழ்ந்த கறுப்பு.

தாளுக்கு கென்ட் பகுதியின் மெய்ட்ஸ்டோனில் டர்க்கி ஆலை நடத்திய ஜேம்ஸ் வாட்மன் உதவினார். கம்பிக் கோடுகளுக்குப் பதிலாகத் துணிபோல் நெய்த கம்பி வலையில் வடித்த, வரிகள் தெரியாத வழவழப்பான தாள். ஐரோப்பாவில் அந்தத் தாளில் அச்சான முதல் புத்தகம் பாஸ்கர்வில்லுடையதுதான். அதுவும் பாதிப் புத்தகத்துக்குத்தான் புதுத் தாள்; மீதிப் பக்கங்கள் பழைய தாளில். முடிந்த பக்கங்களை, ஈரம் உலர்வதற்குள், சூடேற்றிய செம்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினார். சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் புத்தகத்துக்குப் போட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் சுருக்கம் நீங்கி, மை இறுகி, பக்கம் பளபளத்தது.

இந்த எல்லா வித்தையும் அவருக்கு எங்கிருந்து வந்தது? அச்சகத்திலிருந்து அல்ல, தகரத் தட்டுக் கடையிலிருந்து. எண்ணெய் காய்ச்சுவது, கரி கலப்பது, சூட்டில் மெருகேற்றுவது எல்லாம் ஜப்பானிங் தொழிலில் கைவந்தவை. லண்டனில் பரம்பரையாக அச்சுத் தொழில் செய்தவர்கள் இவரை வெளியாள் என்று இளக்காரமாகப் பார்த்தார்கள். வெளியாளாக இருந்ததால்தான் தாளும் மையும் இப்படித்தான் இருக்கும் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

1757-இல் முதல் புத்தகம் வந்தது: ரோமக் கவிஞர் வர்ஜிலின் தொகுப்பு, லத்தீனில். விலை ஒரு கினி, அன்றைய தங்கக் காசு. பூக்கொடி இல்லை, மரக்கட்டைப் படம் இல்லை, தலைப்பில் அலங்காரப் பட்டை இல்லை. அகலமான ஓரம், எழுத்துக்கு எழுத்து மூச்சு விட இடம், வரிக்கு வரி தாராளமான இடைவெளி. தலைப்புப் பக்கத்தில் வெறும் பெரிய எழுத்துகள், பெரிய வெற்றிடம். இன்றைக்கு நமக்கு இது சாதாரணம். அன்றைக்கு அச்சகத்துக்காரன் வெற்றிடத்துக்குக் காசு வாங்குகிறான் என்றே பலருக்குப் பட்டிருக்கும்.

எழுத்தை நீங்களே பார்த்தால் உங்கள் கண்ணுக்கு உடனே பிடிபடும். கேஸ்லனைவிடத் தடிப்புக்கும் மெலிவுக்கும் வித்தியாசம் அதிகம். வட்ட எழுத்துகளின் சாய்வு நிமிர்ந்திருக்கும். பெரிய ‘க்யூ’வின் வால் இறகுப் பேனாவை வீசி இழுத்தது போல் போகும். சின்ன ‘ஜி’யின் கீழ் வளையம் மூடாமல் திறந்தே நிற்கும். வேறு எழுத்துருவிலிருந்து இதைப் பிரித்தறிய அந்த ‘ஜி’ ஒன்று போதும்.

வர்ஜிலுக்கு முன்பணம் கட்டியவர்களில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் ஒருவர்; ஆறு பிரதிக்குக் கட்டினார். அவரும் பிலடெல்பியாவில் அச்சகம் வைத்திருந்தவர், நம்மவர். 1760-இல் அவர் பாஸ்கர்வில்லுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் உள்ள சம்பவத்தை எந்தக் கம்பாசிட்டரிடம் சொன்னாலும் சிரிப்பார். ஒரு கனவான் ஃப்ராங்க்ளினிடம், உங்கள் பாஸ்கர்வில்லின் மெல்லிய கோடுகளால் நாட்டில் படிக்கிறவர்கள் எல்லாருக்கும் கண் அவிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார். ஃப்ராங்க்ளின் உள்ளே போய், கேஸ்லனின் மாதிரித் தாள் ஒன்றை எடுத்து, மேலே உள்ள பெயரைக் கிழித்துவிட்டு, இதுதான் பாஸ்கர்வில்லுடையது, எங்கே குறை என்று காட்டுங்கள் என்று நீட்டினார். கனவான் எழுத்து எழுத்தாகக் குறை காட்டினாராம். படிக்கப் படிக்கக் கண் வலிக்கிறது என்றாராம். அவர் வாழ்நாள் முழுக்க வலியில்லாமல் படித்துவந்த எழுத்து அது. ஃப்ராங்க்ளின் உண்மையைச் சொல்லி அவரைச் சங்கடப்படுத்தவில்லை.

கதை அருமையானது, ஆனால் அதை வைத்துக்கொண்டு வாசகர் எல்லாரும் பெயரைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று முடிவு கட்ட எனக்கு மனம் வரவில்லை. இஸ்திரி போட்ட தாளின் பளபளப்பு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைத்திருக்கலாம். கனவானுக்கு உண்மையிலேயே கண் வலித்திருக்கலாம். எழுத்தின்மேல் பழி போட்டதுதான் தப்பு. எல்லாம் பாஸ்கர்வில்லுக்கு நன்றாக வந்தது என்றும் இல்லை. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்துக்காக அவர் செய்துகொடுத்த கிரேக்க எழுத்தில் 1763-இல் புதிய ஏற்பாடு வந்தது. அது விறைப்பாக, உயிரில்லாமல் இருந்தது. தான் நாள்தோறும் எழுதிப் பழகாத மொழிக்கு எழுத்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

1758-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சாளர் என்ற பதவி கிடைத்தது. பைபிளும் பிரார்த்தனைப் புத்தகமும் அச்சிடும் உரிமை அன்று எல்லாருக்கும் இல்லை. அதற்காகவே இந்தப் பதவியைத் தேடிப் போனார். கடவுளை நம்பாத மனிதர் பைபிளுக்கு ஆசைப்பட்டது வேடிக்கை போலத் தோன்றும். எழுத்துக்காரனுக்கு அதைவிடப் பெரிய புத்தகம் ஏது? பல்கலைக்கழகமோ ஆயிரம் பிரதிக்கு இவ்வளவு என்று கப்பம் வாங்கிக்கொண்டுதான் அனுமதித்தது. 1763-இல் பெரிய அளவில் பைபிள் வெளிவந்தது. 1250 பிரதி, விலை நான்கு கினி. அச்சுக்கலை அறிந்தவர்கள் அவருடைய உச்சம் என்று சொல்வது இதைத்தான். கணிசமான பிரதிகள் விற்காமல் தேங்கி, பின்னால் லண்டன் புத்தக வியாபாரி ஒருவரிடம் மலிவு விலைக்குப் போயின. வெளிநாட்டுக்காரர்கள் கொண்டாடுகிறார்கள், சொந்த நாட்டில் செலவுக்கே வரும்படி இல்லை என்று எழுத்தாளர் ஹொரஸ் வால்போலுக்குப் புலம்பி எழுதினார். அச்சகத்தை மொத்தமாகப் பிரெஞ்சுக்காரர்களுக்கு விற்கவும் பார்த்தார், நடக்கவில்லை. தட்டு விற்ற காசு புத்தகத்தில் கரைந்துகொண்டே இருந்தது. ஆனாலும் விடாமல் ஐம்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்களை அச்சிட்டார்.

இனி சேரா ஈவ்ஸ். உங்கள் இரண்டாவது சாட்சி.

சேரா ஈஸி ஹில்லுக்கு வீட்டு நிர்வாகியாக வந்தவர். கணவர் ரிச்சர்ட் ஈவ்ஸ் மோசடி வழக்குக்குப் பயந்து, மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடிப்போனார். சேராவும் பாஸ்கர்வில்லும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள். ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டாம். 1764-இல் ஈவ்ஸ் இறந்த செய்தி வந்ததும் இருவரும் முறைப்படி மணந்துகொண்டார்கள். 1775 ஜனவரியில் பாஸ்கர்வில் காலமான பிறகு, டைப் வார்க்கும் தொழிலைத் தான் தொடர்ந்து நடத்துவதாகச் சேரா அறிவித்தார். அன்றைய இங்கிலாந்தில் ஒரு விதவை அப்படி நிற்பது சின்ன விஷயம் அல்ல. நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் அச்சகமும் அந்த எழுத்துகளை வாங்க முன்வரவில்லை. 1779-இல் அவர் பன்ச்சு, மேட்ரிக்ஸ், டைப் எல்லாவற்றையும் 3,700 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் ‘ஃபிகாரோவின் திருமணம்’ நாடகம் எழுதிய பிரெஞ்சுக்காரர் பொமார்ஷே. அப்போதுதான் இறந்திருந்த வால்டேரின் முழு எழுத்தையும் பதிப்பிக்க அவர் துடித்துக்கொண்டிருந்தார். பிரான்சில் தடை, அதனால் ஸ்ட்ராஸ்பர்குக்கு எதிரே, ரைன் ஆற்றின் ஜெர்மன் கரையில் கேல் என்ற ஊரில் அச்சகம் போட்டார். 1780-களில் எழுபது தொகுதிகள் வெளிவந்தன, பாஸ்கர்வில் எழுத்தில். மதகுருமார்களைப் பரிகசித்த வால்டேரின் வார்த்தைகளில் தன் எழுத்து ஓடியதைப் பார்க்க பாஸ்கர்வில் இருந்திருந்தால் ரசித்திருப்பார். பொமார்ஷேக்குப் பெரும் நஷ்டம். இந்த எழுத்தைத் தொட்டவர் யாரும் லாபம் பார்த்ததாகத் தெரியவில்லை.

உடலின் கதையையும் சொல்லிவிடுகிறேன், கேள்விப்பட்டால் நம்பமாட்டீர்கள். மூடநம்பிக்கைமேல் தனக்குள்ள வெறுப்பை உயிலிலேயே எழுதி, தேவாலய மண் வேண்டாம், என் தோட்டத்தில் கூம்புக் கட்டடத்தில் புதையுங்கள் என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். 1791-இல் பர்மிங்ஹாமில் நடந்த கலவரத்தில் ஈஸி ஹில் வீடு சூறையாடப்பட்டது. 1821-இல் அந்த இடத்தில் தோண்டியபோது அவருடைய ஈயச் சவப்பெட்டி அகப்பட்டது. ஒரு கிடங்கில் கிடந்து, பிறகு ஒரு பிளம்பர் கடையில் காட்சிப் பொருளாகி, கடைசியில் 1829-இல் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தின் நிலவறைக்கே போய்ச் சேர்ந்தது! அந்தத் தேவாலயத்தையும் இடித்தபோது, 1898-இல், திருச்சபையின் வார்ஸ்டன் லேன் கல்லறைக்கு மாற்றினார்கள். வேண்டாம் என்று எழுதிவைத்த இடத்துக்கே இரண்டு முறை போனார்.

எழுத்தும் அலைந்தது. பிரெஞ்சு வார்ப்படச் சாலைகளில் அது கைமாறிக் கைமாறிப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அவரை ஏறக்குறைய மறந்தே போயிற்று. 1917-இல் அமெரிக்க அச்சுக்கலைஞர் புரூஸ் ராஜர்ஸ் கேம்பிரிட்ஜ் புத்தகக் கடை ஒன்றில் பாஸ்கர்வில்லின் மாதிரித் தாளைக் கண்டெடுத்தார். ஸ்டான்லி மாரிசன் ஆலோசகராக இருந்த மானோடைப் நிறுவனம் 1923-இல் அந்த எழுத்தை இயந்திரத்துக்கு ஏற்ப மறுபடியும் செய்தது. நீங்கள் பார்த்த நாவலில் இருப்பது பெரும்பாலும் இந்த வழியில் வந்த எழுத்துதான். சர்ரேயில் மானோடைப்பின் வரைவுக்கூடத்தில் ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக வரைந்து திருத்தியவர்களில் ஏராளமானோர் பெண்கள். அவர்கள் யாருடைய பெயரும் எழுத்துருப் பட்டியலில் இல்லை. உங்கள் மூன்றாவது சாட்சி.

சேராவுக்காவது தாமதமாக நியாயம் கிடைத்தது. 1996-இல் கலிஃபோர்னியாவில் ஸுஸானா லிட்ச்கோ என்ற வடிவமைப்பாளர் பாஸ்கர்வில்லை அடிப்படையாக வைத்துக் கணினிக்கு ஒரு புது எழுத்துரு செய்து, அதற்கு ‘மிஸஸ் ஈவ்ஸ்’ என்று பெயர் வைத்தார். ‘மிஸஸ் பாஸ்கர்வில்’ என்று வைக்காததை நான் மெச்சுகிறேன். ஊர் வம்பு பேசிய பெயர் எதுவோ, அதையே எடுத்து வைத்தார்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. பன்ச்சு ஹேண்டியுடையது. தாள் வாட்மனுடையது. விற்றுக் காப்பாற்றியது சேரா. மறுபடி வரைந்தது பெயர் தெரியாத பெண்கள். பாஸ்கர்வில்லுக்குரியது, இவையெல்லாம் ஒரே பக்கத்தில் சேர வேண்டும் என்ற பிடிவாதம். அதற்காக எழுத்துக்கு அவர் பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஹேண்டியின் பெயர் அதன் பக்கத்தில் இல்லாததில் இருக்கிறது.

1953-இல் பிரான்சின் டெபர்னி-பேன்யோ வார்ப்படச் சாலையின் சார்ல் பேன்யோ, மிஞ்சியிருந்த பன்ச்சுகளை கேம்பிரிட்ஜுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். பின்னால் ஆய்வாளர்கள் அவற்றை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, எந்தக் கருவியால், எந்த வரிசையில் வெட்டினார்கள் என்று தேடியிருக்கிறார்கள். ஹேண்டியைப் பற்றி ஏடுகள் சொல்லாததை எஃகு சொன்னாலும் சொல்லும்.

பதிலுக்கு எனக்கு ஒன்று வேண்டும். நீங்கள் வேலை பார்த்த அச்சகத்துக்கு டைப் எந்த ஊரிலிருந்து வந்தது, மெட்ராஸ் பவுண்டரியிலிருந்தா வேறு இடத்திலிருந்தா, தேய்ந்த எழுத்தை உருக்கி வார்த்தவர் யார், எந்த எழுத்து முதலில் தேயும், கேஸில் எப்போதும் பற்றாமல் போகும் எழுத்து எது என்று நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர்கள் சம்மதித்தால் அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். இதழில் அப்படியே போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்